நாசக்கார எமிலியும் இரண்டு வருட ஒப்பந்தமும்

விவசாயம், சூழலியல், உயிரியல் படித்த நண்பர்களோடு கதைக்கும்போது இப்ப அடிக்கடி காதில் விழுகிற ஒரு சொல் 'போஸ்ட் டொக்'. கலாநிதிப் பட்டம் முடிந்த பிறகு, நிரந்தர வேலை ஒன்று கிடைக்க முன்னம், ஓராண்டோ இரண்டு மூன்று ஆண்டோ ஓர் ஆய்வுகூடத்தில் குறிப்பிட்ட ஒரு கேள்விக்குப் பின்னால் ஓடுகிற காலம் அது. மாணவரும் இல்லை, விரிவுரையாளரும் இல்லை. சம்பளம் உண்டு, ஆனால் ஒப்பந்தம் முடிகிற திகதியும் கூடவே உண்டு. "வெளியில போஸ்ட் டொக் கிடைச்சிருக்கு" என்று ஒருவர் சொன்னால் நாங்கள் வாழ்த்துச் சொல்கிறோம். அதற்குப் பிறகு அவர் திரும்பி வருவாரா என்ற கேள்வியை மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

இது ஏதோ நேற்று வந்த ஏற்பாடு என்றும், எங்களுக்குச் சம்பந்தமில்லாத மேற்கு நாட்டு வழக்கம் என்றும் பலர் நினைக்கிறார்கள். ஆனால் இளம் விஞ்ஞானி ஒருவரை இரண்டு வருடத்துக்கு ஒரு விவசாயப் பிரச்சினையின் பின்னால் அனுப்பிய கதைகளில், உலகத்தில் முந்தியவற்றுள் ஒன்று எங்கட மலைகளில்தான் நடந்தது. அந்தக் கதையின் விளைவை மலையகம் இன்றைக்கும் சுமக்கிறது. அதனால்தான் அதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லிப் பார்க்கிறோம்.

சொல் பிறந்த இடம்

முதலில் இந்தச் சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1919இல், முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு, அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிப் பேரவை றொக்பெல்லர் நிதியத்தின் காசில் இளம் விஞ்ஞானிகளுக்கு ஆய்வுப் புலமைப்பரிசில் கொடுக்கத் தொடங்கியது. முதலில் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும்தான். உயிரியல் சில வருடங்கள் கழித்துத்தான் சேர்ந்தது. கலாநிதிப் பட்டம் முடித்தவர்களைப் படிப்பிக்கும் சுமைக்குள் உடனே தள்ளிவிடாமல், ஆய்வு மட்டுமே செய்ய விட்டால் என்ன வரும் என்று பார்ப்பதுதான் அதன் நோக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த எண்ணம் மற்ற நாடுகளுக்கும் பரவியது. ஜேர்மனியின் ஹம்போல்ட் நிதியம் 1953இல் மீண்டும் தொடங்கப்பட்டு, வெளிநாட்டு ஆய்வாளர்களை அழைக்கத் தொடங்கியது. ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம் என்று பட்டியல் பிறகு நீண்டது.

சொல் 20ஆம் நூற்றாண்டினுடையது. செயல் அதற்கும் முந்தியது. அதைப் பார்க்க 1869க்குப் போகவேண்டும்.

எமிலி வந்தாள்

அந்தக் காலத்து இலங்கை மலைகளில் தேயிலை இல்லை. அங்கே இருந்தது கோப்பி. 1830களில் இருந்து கண்டி, மாத்தளை, பிறகு ஊவா என்று காட்டை வெட்டி எரித்து, மலை மலையாகக் கோப்பி நட்டார்கள். 1870 அளவில் இலங்கை உலகத்தின் முக்கியமான கோப்பி ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. கொழும்பின் வங்கிகள், வண்டிப் பாதைகள், 1867இல் கண்டிக்குப் போன ரயில் எல்லாமே கோப்பிக் காசை நம்பி நின்றன.

1869இல் மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் மாப்போல ஒன்று படிந்திருப்பதைக் கண்டார்கள். கையால் தடவினால் துரு மாதிரி ஒட்டியது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவெய்ற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேர்க்லி என்ற பாதிரியார் இருந்தார். அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சக் காலத்திலேயே கிழங்கை அழித்தது ஒரு பங்கசுதான் என்று வாதாடியவர். அவரும் புறூம் என்பவரும் சேர்ந்து இதற்கு 'ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். வித்தியின் ஒரு பாதி வழுவழுப்பு, மறு பாதி சொரசொரப்பு. முதற்சொல் அந்தப் பாதி வழுவழுப்பைச் சொல்கிறது. இரண்டாவது சொல்லுக்கு நாசமாக்குவது என்று பொருள். தோட்டத் துரைமார் தங்கள் வாய்க்கு ஏற்றபடி அதை 'நாசக்கார எமிலி' என்று ஆக்கிக்கொண்டார்கள்.

பெயர் வைத்தாகிவிட்டது. ஆனால் அடுத்த பத்து வருடம் யாரும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. காரணம் எளிது. கோப்பி விலை ஏறிக்கொண்டே போனது. ஏக்கருக்கு நாலு அந்தருக்கு மேல் கிடைத்த விளைச்சல் 1870களின் கடைசியில் கிட்டத்தட்டப் பாதிக்கு வந்தபோதும், விலை கூடியதால் இலாபம் குறைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. விளைச்சல் குறையக் குறைய இன்னும் காட்டை வெட்டி இன்னும் கோப்பி நட்டார்கள். இலை கொட்டுவதற்கு மழையைக் குற்றம் சொன்னார்கள், மண் களைத்துவிட்டது என்றார்கள், பசளை போதாது என்றார்கள். சுண்ணாம்பும் கந்தகமும் தூவிப் பார்த்தார்கள். நிலைமை கைமீறுகிறது என்று தெரிந்த பிறகுதான், அரசாங்கம் இங்கிலாந்தில் இருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டது.

இருபத்தாறு வயது, இரண்டு வருடம்

வந்தவரின் பெயர் ஹரி மார்ஷல் வார்ட். 1854இல் பிறந்தவர். 1879இல் கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானப் பட்டம் எடுத்து, கொஞ்ச நாள் ஜேர்மனியில் தாவரவியல் ஆய்வுகூடம் ஒன்றில் பழகிவிட்டு, 1880இல் இலங்கைக்குக் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜில் அப்போது கலாநிதிப் பட்டம் என்ற ஒன்றே கிடையாது. அது முதலாம் உலகப் போருக்குப் பிறகுதான் வந்தது. அதனால் சட்டப்படி அவரை 'போஸ்ட் டொக்' என்று சொல்ல ஏலாது. ஆனால் மற்ற எல்லாமே பொருந்துகிறது. படிப்பு முடிந்திருக்கிறது, நிரந்தர வேலை இல்லை, இரண்டு வருடப் பணி, ஒரேயொரு கேள்வி: கோப்பிக்கு என்ன நடக்கிறது?

வார்ட் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். உயிரியல் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு இது நல்ல பாடம்.

முதலில் அவர் வித்தியைப் பின்தொடர்ந்தார். துரு மாதிரித் தெரிகிற அந்தத் தூள் முழுவதும் வித்திகள். ஈரமான இலையில் விழுந்தால் வித்தி முளைக்கும், மெல்லிய குழாய் ஒன்று வெளியே நீளும், அது இலையின் அடிப்பக்கத்தில் இருக்கிற இலைவாய் ஊடாக உள்ளே போகும். ஒரு கிழமை இரண்டு கிழமை வெளியில் ஒன்றும் தெரியாது. பிறகு மஞ்சள் புள்ளி, அதில் இருந்து புதிய வித்திகள் ஆயிரக்கணக்கில். நல்ல இலையில் வித்தியை வைத்து, நோய் வருகிறதா என்று நுணுக்குக்காட்டியின் கீழ் நாள் நாளாகப் பார்த்து, இந்தச் சுற்றை முழுமையாக எழுதி வைத்தார். மண்ணுமில்லை, மழையுமில்லை, பசளையுமில்லை. நோய்க்குக் காரணம் இந்தப் பங்கசுதான் என்பது இதோடு உறுதியாயிற்று.

அடுத்தது, வித்தி எப்படிப் பரவுகிறது என்ற கேள்வி. இதற்கு அவர் செய்த வேலை மிகவும் சாதாரணமானது. கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் பூசித் தோட்டங்களில் காற்றில் தொங்கவிட்டார். பிறகு எடுத்துப் பார்த்தால், ஒட்டியிருந்த தூசிக்குள் ஹெமிலியாவின் வித்திகளும் இருந்தன. காற்றுத்தான் காவி. இன்றைக்கும் காற்றில் வரும் நோய் வித்திகளைப் பிடிக்கிற கருவிகளின் அடிப்படை எண்ணம் இதுதான்.

மூன்றாவது, எங்கட பார்வையில் மிக முக்கியமானது. காற்றில் வித்தி பறப்பது எப்போதும் நடக்கிற விசயம். ஆனால் காடு நின்ற காலத்தில் அந்த வித்தி ஒரு கோப்பிச் செடியில் இருந்து இன்னொன்றுக்குப் போக இடையில் நூறு வேறு மரம் மறிக்கும். காட்டை முழுக்க வழித்து, மலை முழுவதும் ஒரே இனச் செடியை இடைவெளி இல்லாமல் நட்டால், காற்றுக்கும் தடையில்லை, பங்கசுக்கும் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வார்ட் இதை எடுத்துச் சொன்னார். தோட்டங்களுக்கு இடையில் மரவரிசைகள் வேண்டும் என்றார். ஒரே பயிரை மட்டும் நடுகிற முறையே கொள்ளைநோயை அழைக்கிறது என்பதை வயல் சான்றோடு காட்டிய ஆரம்பகால ஆய்வுகளில் இது ஒன்று.

நாலாவது, மருந்தைப் பற்றியது. குழாய் இலைவாய்க்குள் போன பிறகு வெளியில் எதைத் தூவியும் பிரயோசனமில்லை. வித்தி வந்து விழ முன்னமே மருந்து இலையில் இருக்கவேண்டும். நோய் வந்த பிறகு மாற்றுவதை விட வர முன்னம் மறிப்பதுதான் வழி. தாவர நோய்க்கு மருந்தடிக்கிற எந்த விவசாயிக்கும் இப்ப இது தெரிந்த விசயம். அன்றைக்குப் புதுசு.

1880க்கும் 1882க்கும் இடையில் அறிக்கைகள் எழுதிக் கொடுத்துவிட்டு வார்ட் இங்கிலாந்துக்குத் திரும்பினார். துரைமாருக்குத் திருப்தியில்லை. அவர்கள் கேட்டது மருந்து. அவர் கொடுத்தது விளக்கம். மலை முழுக்க நட்டாகிவிட்டது, இனி மரவரிசை வைக்க யாருக்கு நேரம்? கோப்பியைக் காப்பாற்றாத விஞ்ஞானி என்ற பேச்சோடுதான் அவர் கப்பல் ஏறினார். பிரான்சில் திராட்சைக்கு அடித்த செம்பும் சுண்ணாம்பும் சேர்ந்த 'போர்டோ கலவை' பங்கசுக்கு நல்ல மருந்து என்று 1885இல் எழுதப்பட்டது. பிற்காலத்தில் உலகம் முழுக்கக் கோப்பித் துருவுக்கு அடித்ததும் செம்பு மருந்துகள்தான். மூன்றே மூன்று வருட வித்தியாசம். ஆய்வு ஒப்பந்தத்தின் திகதியும் பிரச்சினையின் திகதியும் ஒன்றாக முடிவதில்லை.

மலையில் மிஞ்சியவர்கள்

வார்ட் போனார், கோப்பியும் போனது. 1870இல் ஏறக்குறைய 45 மில்லியன் கிலோவாக இருந்த உற்பத்தி 1889இல் 2.3 மில்லியன் கிலோவுக்கு விழுந்தது. 1884இல் கோப்பிக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. இடையில் சின்கோனா நட்டுப் பார்த்தார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டதில் அதன் விலையும் விழுந்தது. கடைசியில் தேயிலை. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கியது, 1875இல் தீவு முழுக்க ஏறக்குறைய 1,000 ஏக்கர்; நூற்றாண்டு முடியும்போது மூன்றரை லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது.

பொருளாதார வரலாறு இந்த இடத்தில் "இலங்கை மீண்டெழுந்தது" என்று முடித்துவிடும். ஆட்களைப் பற்றிப் பேசினால் கதை இங்கேதான் தொடங்குகிறது.

கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது முக்கியமாகப் பழம் பறிக்கிற மாதங்களில். தமிழ்நாட்டின் வரண்ட மாவட்டங்களில் இருந்து கங்காணியோடு வந்து, மன்னாரில் இறங்கி, வடக்குக் காட்டு வழியால் மாத்தளை வரைக்கும் நடந்து, அறுவடை முடியத் திரும்பிப் போனவர்கள் நிறையப் பேர். அந்தப் பாதையில் வாந்திபேதியிலும் பசியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. தேயிலை அப்படியில்லை. அதற்கு வருடம் முழுவதும் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும், பெண்களின் கை வேண்டும், குடும்பமாக ஆட்கள் தோட்டத்திலேயே தங்கவேண்டும். லயங்கள் நிரந்தரமாயின. வந்துபோன ஒரு கூட்டம், இங்கேயே பிறந்து இங்கேயே சாகிற ஒரு சமூகமாயிற்று. அந்தச் சமூகத்தைத்தான் 1948இல் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரித்தது.

இவ்வளவையும் ஒரு பங்கசுதான் செய்தது என்று நாங்கள் சொல்லவில்லை. சட்டத்தை எழுதியது மனிதர்கள். ஆனால் ஓர் இலைநோய் ஒரு மக்கள் கூட்டத்தின் இருப்பை எப்படி மாற்றிப்போடும் என்பதற்கு மலையகத்தை விடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம். அன்றைய ஆய்வின் கேள்வி கோப்பிச் செடியைப் பற்றியது. செடி செத்தால் அதை நம்பி இருப்பவர்களுக்கு என்ன நடக்கும் என்பது யாருடைய ஆய்வுக் கேள்வியாகவும் இருக்கவில்லை.

ஒரு துரு, மூன்று தலைமுறை

வார்ட்டுக்கு அந்த இரண்டு வருடம் வீண் போகவில்லை. இங்கே இருந்தபோது கோப்பியோடு மட்டும் நிற்காமல், வெப்ப நாட்டு இலைகளில் வளரும் வேறு பங்கசுகளையும் லைக்கன்களையும் பார்த்து எழுதி வைத்திருந்தார். அவை கட்டுரைகளாயின. 1885இல் வன அதிகாரிகளைப் பயிற்றும் கல்லூரியில் பேராசிரியர், 1888இல் றோயல் சொசைற்றி உறுப்பினர், 1895இல் கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியர். இலங்கையின் நோயிலைகள் ஒரு நல்ல விஞ்ஞானியை உருவாக்கின. இது குற்றச்சாட்டு இல்லை. ஆய்வுக்காலம் என்பது ஆளை உருவாக்குகிற காலமும்தான். ஆனால் அந்த உருவாக்கத்தின் பலன் எந்த மண்ணில் விழுந்தது என்று கேட்கலாம்.

விழுந்த இடத்தைப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் வார்ட்டின் கீழே வேலை செய்தவர் றோலண்ட் பிஃபன். கோதுமையில் வருகிற மஞ்சள் துருவை எதிர்க்கும் தன்மை மெண்டலின் விதிப்படி பரம்பரையாக வருகிறது என்று 1905இல் காட்டினார். மருந்தடிப்பதற்குப் பதிலாக, நோயைத் தாங்குகிற இனத்தையே உருவாக்கலாம் என்ற வழி அங்கே திறந்தது. 1912இல் பிஃபன் தலைமையில் கேம்பிரிட்ஜில் பயிர் விருத்தி நிறுவனம் தொடங்கியது.

நாற்பது வருடம் கழித்து அதே நிறுவனத்துக்கு ஒரு தமிழர் போனார். கும்பகோணத்தில் 1925இல் பிறந்த மா.சா. சுவாமிநாதன். நெதர்லாந்தின் வாகெனிங்கனில் யுனெஸ்கோ புலமைப்பரிசிலில் உருளைக்கிழங்கு ஆய்வு, 1952இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம், அதற்குப் பிறகு அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் ஆய்வு. எங்கட சொல்லில், போஸ்ட் டொக். குளிர்ப் பனியைத் தாங்குகிற உருளைக்கிழங்கு அவருடைய வேலை. அங்கேயே நிரந்தர வேலை தரத் தயாராக இருந்தார்கள். அவர் வேண்டாம் என்று 1954இல் திரும்பினார்.

திரும்பியவுடன் இந்தியா மாலையோடு காத்திருக்கவில்லை. கையில் வேலை இல்லை. கட்டாக்கில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சில மாதங்களுக்குத் தற்காலிகமாக ஓரிடம் கிடைத்தது. பிறகுதான் டெல்லி. 1960களில் மெக்சிக்கோவின் குட்டைக் கோதுமையை நோர்மன் போர்லோக்கோடு சேர்ந்து இந்திய வயல்களுக்குக் கொண்டுவந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோதுமையின் தொடக்கமும் துருதான். போர்லோக் மெக்சிக்கோவுக்குப் போனபோது அங்கே கோதுமையை அழித்துக்கொண்டிருந்தது தண்டுத் துரு. பசுமைப் புரட்சி நிலத்தடி நீருக்கும் மண்ணுக்கும் செய்த தீங்கு வேறு கதை, அதை மறைக்கத் தேவையில்லை. நாங்கள் இங்கே பார்ப்பது ஒன்றைத்தான்: பேராதனையில் ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டிய வித்தியில் தொடங்கிய ஒரு கேள்வி, கேம்பிரிட்ஜ் வழியாகச் சுற்றி, கும்பகோணத்துப் பிள்ளை ஒருவர் கைக்கு வந்தது. அவர் அதோடு திரும்பி வந்ததால்தான் அது இந்த மண்ணில் ஏதாவது செய்தது.

எங்கட பயிருக்கு யார்?

வார்ட்டுக்குப் பிறகு இலங்கை ஒன்றைப் படித்தது. பிரச்சினை வந்த பிறகு ஆளைக் கூப்பிட்டால் போதாது, ஆய்வாளர் இங்கேயே இருக்கவேண்டும். 1905இல் பேராதனைக்குத் தொம் பெச் என்ற பங்கசு ஆய்வாளர் வந்து நீண்ட காலம் இருந்தார். 1912இல் விவசாயத் திணைக்களம், 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம். அதன் முதற் பணிப்பாளரும் பெச்தான். இறப்பருக்கும் தென்னைக்கும் தனித்தனி நிலையங்கள் வந்தன. 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தபோது கோப்பிக்கு நடந்தது திரும்ப நடக்கவில்லை. தலவாக்கலையில் ஆய்வாளர்கள் இருந்தார்கள், செம்பு மருந்து இருந்தது, எப்ப அடிக்கவேண்டும் என்ற அறிவும் இருந்தது.

ஆனால் இந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள்: தேயிலை, இறப்பர், தெங்கு. கப்பல் ஏறுகிற பயிர்களுக்கு முதலில் ஆய்வு வந்தது. சோறு போடுகிற நெல்லுக்குப் பத்தலகொடை நிலையம் 1952இல்தான். எச்-4 போன்ற இனங்கள் அங்கே இருந்து வந்து விளைச்சலை உயர்த்தின. தமிழ்ப் பகுதிகளில் கிழக்கிலே வந்தாறுமூலையில் 1980களின் தொடக்கத்தில் விவசாய பீடம். வடக்கில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரினால் இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணத்தில் பல வருடம் இருந்து, போர் முடிந்த பிறகுதான் திரும்பக் கிளிநொச்சிக்குப் போனது. ஒரு வயல் ஆய்வுக்கு ஒரே நிலத்தில் பத்து வருடத் தரவு வேண்டும். பீடமே இடம்பெயர்ந்தால் அந்தத் தரவு எங்கே இருக்கும்?

இதற்குப் பக்கத்தில் இன்னொன்றையும் வைத்துப் பார்க்கவேண்டும். 'ரத்து ஹீனட்டி' என்பது இலங்கையின் பழைய நெல்லினம். ஆசியா முழுக்க நெல்லை எரித்தது போல ஆக்குகிற கபிலநிறத் தத்தியை அது தாங்கும். அந்தத் தாங்குதிறனுக்குக் காரணமான மரபணுவை உலகம் பிஎச்3 என்று அழைக்கிறது. 2015இல் அதைப் பிரித்தெடுத்து விபரித்தவர்கள் சீன ஆய்வாளர்கள். நெல் எங்களுடையது, விதையை நூற்றாண்டுகளாகக் காத்தது எங்கட விவசாயிகள், கட்டுரையில் பெயர் வேறு ஆட்களுடையது. இதைத் திருட்டு என்று சொல்வது சரியில்லை. அந்த விதையை உலக விதை வங்கிகள் எல்லோருக்கும் திறந்து வைத்ததால்தான் ஆய்வு நடந்தது, பலன் இங்கேயும் வரும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க வசதியான ஆய்வுகூடமும் இரண்டு மூன்று வருடச் சம்பளமும் எங்கட பிள்ளைகளுக்கு இங்கே இருந்ததா என்பதுதான் விசயம். மொட்டைக்கறுப்பனிலும் பச்சைப்பெருமாளிலும் என்ன இருக்கிறது என்று தேடுவதற்கு யாருக்கு, யார் காசு கொடுப்பார்கள்?

கதவு எங்கே, திறப்பு எங்கே

இப்ப இருக்கிற வாய்ப்புகளைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் சரியில்லை. ஜேர்மனியின் ஹம்போல்ட், ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ், ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கோலடொவ்ஸ்கா கியூரி புலமைப்பரிசில்கள் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கக் கூடியவை. இத்தாலியின் திரியெஸ்தேயில் 1983இல் அப்துஸ் சலாம் தொடங்கிய அமைப்பு வளர்முக நாட்டு விஞ்ஞானிகளை வளர்முக நாட்டு ஆய்வுகூடங்களுக்கே அனுப்புகிறது. பிலிப்பைன்ஸின் லொஸ் பானோஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் வரண்ட நிலப் பயிர்களுக்கான இக்ரிசாற் எல்லாம் பட்டப்பின் ஆய்வாளர்களை எடுப்பவை. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் தலைமையகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. எங்கட நாட்டுக்குள்ளேயே உலக அமைப்பு ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது.

விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும், ஆனால் சில பொதுவானவை. கலாநிதிப் பட்டம் எடுத்த திகதியில் இருந்து எத்தனை வருடம் என்று எண்ணுவார்கள். அதனால் "பிறகு பார்ப்பம்" என்று விட்டால் கதவு சாத்திவிடும். பிள்ளைப்பேறுக்காக இடைவெளி விட்ட பெண்களுக்கு அந்தக் காலத்தைக் கழித்து எண்ணுகிற ஏற்பாடு பல இடங்களில் உண்டு. தெரியாமலேயே பலர் விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள். பெரும்பாலும், அழைக்கிற பேராசிரியர் ஒருவரின் சம்மதம் முதலில் வேண்டும். அதற்கு அவருடைய கட்டுரைகளை வாசித்து, என் கேள்வி இது, உங்கட ஆய்வுகூடத்தில் இதை ஏன் செய்யவேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதத் தெரியவேண்டும். நூறு பேருக்கு ஒரே ஈமெயிலை அனுப்புவதில் பலனில்லை. பெயர்பெற்ற புலமைப்பரிசில்கள் விண்ணப்பத்துக்குக் காசு கேட்பதில்லை. காசு கேட்கிற இடைத்தரகர் வந்தால் விலகிவிடுங்கள்.

இவை திறப்புகள். ஆனால் எந்தக் கதவு என்பதை வார்ட்டின் கதை கொஞ்சம் சொல்லித்தருகிறது என்று நினைக்கிறோம். வெளியில் போகிறவர் தன் கேள்வியைக் கொண்டு போகிறாரா, அல்லது இன்னொருவரின் கேள்விக்குக் கை கொடுக்கப் போகிறாரா? யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லுக்குள் இறங்குகிற நைத்திரேற்று, வடமத்தியில் காரணம் முழுதாகத் தெரியாத சிறுநீரக நோய், 2018இல் வந்து சோளத்தைத் தின்ற படைப்புழு, தேயிலை மலையில் கரைந்து போகிற மேல்மண். இவை எல்லாம் உலகத்தரமான கேள்விகள். எங்களிடம் குறைவது கேள்வியல்ல.

குறைவது, திரும்பி வருகிறவருக்கு உட்கார ஓரிடம். விரிவுரையாளர் வெற்றிடம் இல்லையென்றால் வேறு வழியே இல்லை என்ற நிலை இருக்கும்வரை போனவர்கள் அங்கேயே இருப்பார்கள், அதற்கு அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. 2022க்குப் பிறகு எத்தனை பேர் போனார்கள் என்று ஒவ்வொரு பீடத்திலும் காலியான கதிரைகள் சொல்லும். உள்ளூரிலேயே இரண்டு வருட ஆய்வுப் பதவிகள், பல்கலைக்கழகத்துக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கும் நடுவில், தமிழிலும் சிங்களத்திலும் விவசாயிக்கு முடிவைச் சொல்லவேண்டும் என்ற நிபந்தனையோடு இருந்தால், அது பெரிய செலவு இல்லை. ஒரு வெளிச்சவிளக்குத் திறப்பு விழாவுக்குக் கொட்டுகிற காசுக்குள் சில ஆட்களை வைத்திருக்கலாம்.

ஆட்கள் இருந்தாலும் கேட்கிற காது வேண்டும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தியபோது, விளைச்சல் விழும் என்று நாட்டின் விவசாய விஞ்ஞானிகள் முன்கூட்டியே எழுதினார்கள். யாரும் கேட்கவில்லை. அந்த வருடம் முடிய முன்னமே தடையை எடுத்தார்கள். அதற்கிடையில் வயலில் நடந்தது நடந்துவிட்டது. 140 வருடத்துக்கு முந்தி, மரவரிசை வையுங்கள் என்று சொன்ன இருபத்தாறு வயது ஆளைக் கேட்காததும் இதே பழக்கம்தான். அன்றைக்குக் கேட்காதது துரைமார். இப்ப இருப்பவர்கள் நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பியவர்கள்.

கோப்பி திரும்ப வருகிறது. மலையகத்தில் சிறு தோட்டக்காரர் சிலர் நிழல் மரங்களுக்குக் கீழே கோப்பி வளர்க்கிறார்கள். ஹெமிலியாவும் எங்கேயும் போகவில்லை. 1970இல் அது பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்தது, 2012இல் மத்திய அமெரிக்காவில் பெரிய அழிவு செய்தது. அடுத்த முறை அந்த இலையைத் திருப்பி, அடிப்பக்கத்துத் தூளைப் பார்த்து, இது என்ன என்று கேட்கிற ஆள், அந்த லயத்தில் பிறந்த ஒரு பிள்ளையாக இருக்கவேண்டும் என்பதுதான் எங்கட ஆசை. அவளுக்கு இரண்டு வருடமும், ஒரு நுணுக்குக்காட்டியும், முடிந்த பிறகு இருக்க ஓரிடமும் வேண்டும்.